மலை கடந்த ஓவியர்

பொருள் தேடி அயல்நாடு செல்வோர் பலர். கலை தேடிச் செல்வோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், ஜெர்மானிய ஓவியராகிய ஆல்பிரெக்ட் டியூரர்.

இவர் 1471-ஆம் ஆண்டு நூரெம்பெர்க் நகரில் பிறந்தார். தந்தையார் பொற்கொல்லர். பதின்மூன்றாம் வயதிலேயே தம் உருவத்தைக் கண்ணாடியிற் பார்த்து வெள்ளிமுனைக் கோலால் வரைந்த மைந்தரின் உள்ளம் ஓவியத்தில் தோய்ந்திருத்தலைத் தந்தையார் கண்டார். தம் தொழிலில் அவரை நிறுத்த எண்ணிய எண்ணத்தை விடுத்து, 1486-இல் வோல்கெமுட் என்னும் ஓவியரிடம் மாணவராகச் சேர்ப்பித்தார்.

1494-இல் டியூரருக்குத் திருமணம் நிகழ்ந்தது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே அவர் இத்தாலியை நோக்கிப் புறப்பட்டார். இடையே வானளாவி நிற்பது ஆல்ப்ஸ் மலைத்தொடர். பிறர்க்கு இடையூறாகத் தோன்றிய அம்மலை, அவர்க்கு விருந்தாயிற்று. வழியிற் கண்ட கோட்டைகளையும் பள்ளத்தாக்குகளையும் நீர்வண்ணத்தில் தீட்டினார்.

அவர் சென்றடைந்த வெனிஸ் நகரில், கால்வாய்களே தெருக்கள், படகுகளே வண்டிகள். பல நாட்டு வணிகரும் கலைஞரும் அங்கே கூடினர். டியூரர் எதனையும் புறக்கணித்தாரல்லர். மாதர்தம் உடையழகையும், கடல் நண்டின் ஓட்டையும் ஒரே கருத்துடன் நோக்கி வரைந்தார். இத்தாலிய ஓவியர்தம் படங்களைப் பார்த்தெழுதிப் பயின்றார்.

1495-இல் ஊர் திரும்பிய அவர் பட்டறை அமைத்தார். மரப்பலகையிற் செதுக்கி அச்சிட்ட அவருடைய படங்கள் ஐரோப்பா எங்கும் பரவின. புகழ் வந்த பின்னரும் கற்கும் வேட்கை தணியவில்லை. 1505-இல் மீண்டும் வெனிஸ் சென்றார்.

இம்முறை அவரை எதிர்கொண்டது அழுக்காறு. அந்நகர ஓவியர் சிலர் அவர்தம் படங்களைப் பார்த்தெழுதிக்கொண்டே, அவை பழைய மரபுக்கு ஒவ்வாதன எனப் பழித்தனர். செதுக்கத் தெரிந்தவர்க்கு வண்ணம் தீட்டத் தெரியாது என்றும் இகழ்ந்தனர். அவர்களோடு உண்ணுதலும் தகாதென நண்பர்கள் எச்சரித்தனர். அயலார் தொழில் செய்தல் குறித்து ஓவியர் சங்கத்தார் முறையிட்டமையால், மூன்று முறை அதிகாரிகள் முன் நின்று, பொருளும் செலுத்தினார்.

ஆயினும் ஒருவர் மட்டும் வேறுபட்டு நின்றார். அவரே முதுபெரும் ஓவியர் ஜியோவன்னி பெல்லினி. அவர் பெருமக்கள் பலர் முன்னிலையில் டியூரரைப் பாராட்டினார். தாமே நேரில் வந்து, தமக்கொரு படம் வேண்டும் என்றும் கேட்டார். முதுமையிலும் அவரே ஓவியருள் தலைசிறந்தவர் எனக் கருதிய டியூரர்க்கு, அப்பாராட்டு எத்துணை ஊக்கம் அளித்திருக்கும்!

பழிச்சொற்களுக்கு டியூரர் வாயால் விடை கூறவில்லை, வண்ணத்தால் கூறினார். ஜெர்மானிய வணிகர்கள், தங்கள் கோயிலுக்கென ஒரு பெரிய படம் தீட்டுமாறு அவரை வேண்டினர். 1506-இல் முற்றுப்பெற்ற அதுவே 'செபமாலைத் திருவிழா' எனப்படுவது. நீல ஆடை அணிந்த அன்னை மரியாள் நடுவில் வீற்றிருக்க, போப்பாண்டவரும் பேரரசரும் இருபுறமும் பணிகின்றனர். அன்னையின் திருவடிக்கண் நரம்புக்கருவி மீட்டும் சிறு தேவதூதனின் உருவம், பெல்லினியின் ஓவியங்களிலிருந்து டியூரர் கற்றதைக் காட்டும். ஓரத்திலோ, தம் பெயரும் தாம் ஜெர்மானியர் என்பதும் பொறித்த தாளை ஏந்தி அவரே நிற்கின்றார். வெனிஸ் குடியரசின் கோமகனும் தலைமைக் குருவும் வந்து கண்டு வியந்தனர். இகழ்ந்த வாய்களும் அவ்வண்ணங்களைப் புகழ்ந்தன.

அந்நகரிலேயே தங்கினால் ஆண்டுக்கு 200 பொற்காசு தருவதாக அரசினர் கூறினர். டியூரர் அதனை ஏற்கவில்லை. 1507-இல் தாயகம் திரும்பினார். இத்தாலியில் தம் சிந்தையைக் கவர்ந்த அளவுமுறைகளைப் பல்லாண்டு ஆராய்ந்தார்; தம் நாட்டு இளைஞர்க்குப் பயன்படுமாறு தாய்மொழியிலேயே எழுதினார். அளவியல் நூல் 1525-இல் வெளிவந்தது. 1528 ஏப்ரலில் அவர் மறைந்தார். மனித உடலின் அளவுகளைக் கூறும் நூல் அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளிவந்தது. வெனிசில் அவர் தீட்டிய அப்பெரும் படமோ, இன்று பிராக் நகரிலுள்ள ஓவியக்கூடத்தில் விளங்குகின்றது.

மாணவர்களே! டியூரர் அயலாரிடம் கற்க நாணவில்லை. அயலார் இகழ்ச்சிக்குத் தளரவுமில்லை. பொருளுக்காகத் தம் நாட்டை மறக்கவுமில்லை. சென்ற இடத்துச் சிறப்பைத் தமதாக்கி, பிறந்த இடத்துக்கு அளித்தார். பயணத்தின் பயன் இதனினும் உயர்ந்தது உண்டோ?