புளோரன்ஸ் நைட்டிங்கேல்

புளோரன்ஸ் நைட்டிங்கேல் (மே 12, 1820 – ஆகஸ்ட் 13, 1910) செவிலியத்தைப் பயிற்சியும் ஒழுங்கும் உடைய ஒரு தனித் தொழிலாக நிலைநிறுத்திய ஆங்கிலேயச் சீர்திருத்தவாதி, எழுத்தாளர், புள்ளியியலாளர் ஆவார். கிரிமியப் போரின்போது நோயுற்ற வீரர்களை இரவில் விளக்குடன் சென்று கவனித்தமையால் விளக்கேந்திய சீமாட்டி என்றும், கைவிளக்கேந்திய காரிகை என்றும் அழைக்கப்படுகிறார். போர்க்களத்தில் இவர் இருந்த காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவே. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்தியாவின் சுகாதாரம் குறித்து எழுதியும் வாதாடியும் வந்தார் என்பது பலரும் அறியாதது. இந்தியாவுக்கு இவர் ஒருமுறையேனும் வந்ததில்லை.

இளமை

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே இவருக்கு இடப்பட்டது. தந்தை வில்லியம் எட்வர்ட் நைட்டிங்கேல், தாய் பிரான்செசு. தந்தையே இவருக்கும் இவரது தமக்கை பார்த்தினோப்புக்கும் மொழிகள், வரலாறு, மெய்யியல் ஆகியவற்றைக் கற்பித்தார். கணிதத்தில் இவர் தனி ஆர்வம் காட்டினார்.

இறைவன் தம்மைப் பணிக்கு அழைத்ததாக 1837 இல் உணர்ந்த இவர், பின்னர் நோயாளர் பராமரிப்பே அப்பணி என முடிவு செய்தார். குடும்பத்தார் கடுமையாக எதிர்த்தனர். அக்கால இங்கிலாந்து மருத்துவமனைகளில் நோயாளரைப் பார்த்துக்கொண்ட பெண்கள் பயிற்சி அற்றவர்கள். குறைந்த கூலிக்கு வேலை செய்தவர்கள். குடிப்பழக்கம் உடையவர்கள் என்ற அவப்பெயரும் அவர்களுக்கு இருந்தது. நற்குடிப் பெண்ணுக்கு அது தகாத வேலை எனக் கருதப்பட்டது. திருமணத்தை மறுத்த நைட்டிங்கேல், 1851 இல் செருமனியின் கைசர்சுவெர்த்து நகரில் மூன்று மாதங்கள் பயிற்சி பெற்றார். 1853 இல் லண்டனில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார்.

கிரிமியப் போர்

போர் அமைச்சர் சிட்னி எர்பெர்ட்டின் வேண்டுகோளுக்கு இணங்க, 1854 அக்டோபரில் 38 பெண்களுடன் துருக்கியின் இசுகூத்தாரிக்குப் புறப்பட்டார். அவர்களுள் 24 பேர் கிறித்தவச் சபைகளைச் சேர்ந்தவர்கள், 14 பேர் மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்கள். நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் சென்று சேர்ந்த படைமுகாம் மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளும் மாற்றுடைகளும் போதவில்லை. கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன.

நைட்டிங்கேல் சமையலறையையும் சலவையையும் ஒழுங்குபடுத்தினார். தேவையான பொருட்களைத் திரட்டினார். எனினும் அந்தக் குளிர்காலத்தில் 4,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கு இறந்தனர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை காயங்கள் அல்ல. வயிற்றுப்போக்கு, வாந்திபேதி, காய்ச்சல் முதலிய நோய்களே. 1855 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழு கால்வாய்களைத் தூய்மை செய்து, காற்றோட்டத்தைச் சீர்செய்த பின்னரே இறப்பு வெகுவாகக் குறைந்தது. பிப்ரவரியில் 42 விழுக்காடாக இருந்த இறப்பு, சூன் மாதத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடானது.

நாடு திரும்பிய பின், புள்ளியியலாளர் வில்லியம் பாருடன் சேர்ந்து இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தபோதே தம் மருத்துவமனையின் நிலை இவருக்கு முழுமையாகத் தெரிந்தது என்றும், அது இவரை ஆழமாகப் பாதித்தது என்றும் வரலாற்றாளர் சிலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும், அன்பும் இரவுக் கண்விழிப்பும் மட்டுமே உயிரைக் காப்பதில்லை என்பது இவரது பிற்கால எழுத்துகள் அனைத்திலும் அடிநாதமாக உள்ளது. இறப்புக்கான காரணங்களை வட்ட வரைபடங்களாக 1858 இல் வெளியிட்டார். லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரும் இவரே.

செவிலியத்தின் அடிப்படைகள்

1859 இல் எழுதிய செவிலியம் பற்றிய குறிப்புகள் என்னும் நூல், வீட்டில் நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் சாதாரணப் பெண்களுக்காக எழுதப்பட்டதாகும். தூய காற்று, தூய நீர், முறையான கழிவுநீர் வடிகால், துப்புரவு, வெளிச்சம் ஆகிய ஐந்தையும் வீட்டின் நலத்துக்கு இன்றியமையாதவையாக அதில் குறிப்பிட்டார். நோயைக் குணப்படுத்துவது இயற்கை. அதற்குத் தடை இல்லாமல் நோயாளியை வைத்திருப்பதே செவிலியம் என்பது இவரது கொள்கை.

நூலில் சிறியனவாகத் தோன்றும் செய்திகளே சுவையானவை. நோயாளியின் அறைக்கு வெளியே கிசுகிசுப்பாகப் பேசுவது உரத்த ஒலியைவிடத் தீங்கானது என்றார். எல்லாம் சரியாகிவிடும் என்று காரணமின்றித் தேறுதல் சொல்லும் பார்வையாளர்களைக் கண்டித்தார். நோயாளி எவ்வளவு உண்டார், எப்போது உறங்கினார் என்பவற்றை ஊகித்துச் சொல்லாமல் பார்த்துச் சொல்லவேண்டும் என்றார். தாம் அருகில் இருக்கும்போது செய்வது தாம் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யத் தெரியாதவர் நல்ல செவிலியர் ஆகார் என்பதும் இவரது கருத்து. முறைமாற்றிப் பணிபுரியும் இன்றைய மருத்துவமனைக் கூடங்களுக்கும் இது பொருந்தும்.

மக்கள் வழங்கிய நன்கொடை நிதியைக் கொண்டு, 1860 சூலை 9 அன்று லண்டன் புனித தாமசு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பயிற்சி ஓராண்டு. மாணவியர் தனி விடுதியில் தங்கினர். செவிலியர் தலைமைச் செவிலியின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும் என்பதில் நைட்டிங்கேல் உறுதியாக இருந்தார். செவிலியம் மருத்துவரின் எடுபிடி வேலையாகச் சுருங்காமல் தனித் தொழிலானதற்கு இந்த ஏற்பாடு பெரிதும் காரணமாகும். இங்குப் பயின்றவர்கள் பிற நாடுகளுக்கும் சென்றனர். லூசி ஆசுபர்ன் 1868 இல் சிட்னியில் பணி தொடங்கினார்.

இந்தியாவும் சென்னை மாகாணமும்

இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படையின் சுகாதாரத்தை ஆராய 1859 இல் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. படைநிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் வினாப்பட்டியல் அனுப்பி விடைகளைப் பெற ஏற்பாடு செய்தவர் நைட்டிங்கேல். அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் பல படைநிலையங்கள் இருந்தன. சென்னைக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள பூந்தமல்லியும் அவற்றுள் ஒன்று. கப்பலில் புதிதாக வந்திறங்கிய ஐரோப்பிய வீரர்கள் அங்குத் தங்கவைக்கப்பட்டனர். படை போய்விட்ட பின்னும் ஊரின் ஒரு பகுதிக்குக் கண்டோன்மென்ட் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

1863 இல் வெளியான ஆணைய அறிக்கையின்படி, இந்தியாவில் இருந்த பிரித்தானிய வீரர்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறந்தனர். வெப்பநிலையே இதற்குக் காரணம் என்று பலரும் நம்பினர். நைட்டிங்கேல் அதனை மறுத்து, வடிகால் இல்லாமை, மாசடைந்த குடிநீர், நெரிசலான குடியிருப்பு ஆகியவற்றைக் காரணமாகக் காட்டினார். முகாமை ஒட்டிய கடைத்தெருவும் ஊரும் தூய்மையாக இல்லாதவரை முகாம் மட்டும் நலமாக இருக்க முடியாது என்பதையும் வலியுறுத்தினார். வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் 1864 இல் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன.

இந்திய மருத்துவமனைகளுக்கான செவிலியத் திட்டம் ஒன்றை 1865 இல் இவர் வகுத்துக் கொடுத்தார். செலவு மிகுதி எனக் கூறி இந்திய அரசு அதனை ஏற்கவில்லை. ஆனால் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு (1866–1872) இவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871 இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. இந்தியாவின் முதல் செவிலியர் பள்ளியாக இதுவே பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. சாதி வழக்கங்களாலும், பிறர் உடலைத் தொட்டுச் செய்யும் வேலை இழிவு என்ற எண்ணத்தாலும் இந்தியப் பெண்கள் இத்தொழிலுக்கு வருவது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. வேலூரில் ஐடா இசுகட்டர் 1909 இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் 1926 இல் இயற்றப்பட்டது. வேலூரிலும் தில்லியிலும் 1946 இல் பட்டப்படிப்பு ஏற்பட்டது.

1876–78 ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தாக்கியபோது, நைட்டிங்கேல் பசியையும் சுகாதாரச் சிக்கலாகவே கண்டார். நீர்ப்பாசனத்துக்காக ஆர்தர் காட்டன் முன்வைத்த கருத்துகளை ஆதரித்து எழுதினார். பூந்தமல்லியில் இப்போது பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் அரசு நிறுவனம் உள்ளது.

பிற்காலம்

போருக்குப் பின் நோய்வாய்ப்பட்ட இவர், வாழ்நாளின் பெரும்பகுதியைப் படுக்கையிலும் அறைக்குள்ளும் கழித்தார். இவரது கருத்துகள் யாவும் சரியானவை அல்ல. கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என நெடுங்காலம் நம்பினார். நுண்ணுயிர்க் கொள்கையைத் தயங்கித் தயங்கியே ஏற்றார். நற்பண்பைத் தேர்வு வைத்து அளக்க முடியாது எனக் கூறி, செவிலியரை அரசு பதிவு செய்வதை எதிர்த்தார். அப்பதிவு பிரித்தானியாவில் 1919 இல் சட்டமானது.

1907 இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண்மணி ஆனார். 1910 இல் லண்டனில் இறந்தார். வெசுட்மினிசுட்டர் மடத்தில் அடக்கம் செய்யக் குடும்பத்தார் இசையவில்லை. ஆம்ப்சயரின் கிழக்கு வெல்லோவில் அடக்கம் செய்யப்பட்டார். இவரது பிறந்தநாளான மே 12 உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்திய அரசு 1973 முதல் இவர் பெயரில் செவிலியர்களுக்குத் தேசிய விருது வழங்குகிறது.