கோமாளி அடிமையும் தளபதியும் ஒரே ஆள்

1830களில் இங்கிலாந்து நாடகக் கொட்டகைகளில் ஓர் இரவுக்கு ஒரு நாடகம் போதாது. முதலில் நீளமான சோக நாடகம் நடக்கும். அழுத சனங்களைச் சிரிக்கவைத்து வீட்டுக்கு அனுப்ப, அதன்பின் ஒரு குறுநாடகம் வரும். ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற கறுப்பின நடிகர் போன ஊர்களில் பல இரவுகளில் இரண்டுக்கும் அவரே நாயகன். முதலில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ: வெனிஸ் படையின் கறுப்பினத் தளபதி, பிறர் மூட்டிய சந்தேகத்தால் வெள்ளைக்கார மனைவியைக் கொன்று தானும் மடிபவன். சற்று நேரத்தில் அதே ஆள் மங்கோவாக வருவார். எஜமானின் அடிக்கு அஞ்சி, வேலைச் சுமையைச் சொல்லிப் புலம்பி, குடித்துவிட்டு உளறும் அடிமை வேலைக்காரன் அது.

மங்கோ பாத்திரம் 1768இல் எழுதப்பட்டது. அதை முதலில் நடித்தவர் முகத்தில் கரி பூசிய வெள்ளைக்காரர். கறுப்பனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே உண்டான வேடம். அந்த வேடத்தை ஆல்ட்ரிட்ஜ் ஏன் விடவில்லை என்ற கேள்வி அவர் வாழ்க்கை முழுக்க வருகிறது.

அவர் 1807 ஜூலை 24 அன்று நியூயார்க்கில் பிறந்தார். தந்தை வைக்கோல் விற்றவர், ஓய்வு நேரத்தில் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தவர். மகனும் போதகராக வேண்டும் என்பது அவர் ஆசை. குடும்பம் அடிமைப்பட்டதல்ல; ஆனால் நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1827இல்தான். கறுப்பினப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளியில் படித்த பையனை நாடகம் இழுத்துக்கொண்டது. நகரின் பெரிய அரங்கில் கறுப்பர்களுக்கு உச்சி மாடத்தில் தனி இடம். அங்கிருந்து பார்த்தே நடிப்பைக் கற்றார். உட்காரும் இடத்தைப் பிரித்துவைத்த வழக்கத்தை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1821இல் வில்லியம் பிரவுன் என்ற கறுப்பினத்தவர் தம் மக்களுக்காக ஓர் அரங்கு தொடங்கி, ஷேக்ஸ்பியரை மேடையேற்றினார். போலீசார் தொல்லை கொடுத்தார்கள், ரவுடிகள் புகுந்து கலைத்தார்கள். சில ஆண்டுகளில் அரங்கு மூடப்பட்டது. அங்கே நடிக்கத் தொடங்கிய இளைஞன் ஆல்ட்ரிட்ஜ், இந்த நாட்டில் தனக்கு மேடை இல்லை என்று கண்டுகொண்டு 1824இல் கப்பலில் பணியாளாக வேலை செய்தபடியே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டே லண்டனின் சிறிய அரங்கு ஒன்றில் ஒத்தெல்லோவாக நின்றபோது அவருக்கு வயது 17. லண்டன் பத்திரிகைகள் கேலி செய்தன. அவருடைய உதட்டமைப்புக்கு ஆங்கில உச்சரிப்பே வராது என்றுகூட எழுதினார்கள். அவர் வெளியூர்களுக்குப் போனார். மான்செஸ்டர், பிரிஸ்டல், டப்ளின் என்று ஊர் ஊராக ஆண்டுக்கணக்கில் நடித்தார். 1828இல் கோவென்ட்ரி நகர அரங்கின் மேலாளராகவே அமர்ந்தார். நாடகம் முடிந்ததும் மேடையின் முன்னே வந்து, அடிமைமுறையின் கொடுமையைப் பற்றி ரசிகர்களிடம் பேசும் வழக்கம் அவருக்கு இருந்தது. அவர் போன பிறகு அடிமை ஒழிப்பு கேட்டு அந்நகர மக்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள்.

சிரிப்பு வேடத்துக்கு வேறொரு முகமும் இருந்தது. மேத்யூஸ் என்ற ஆங்கிலேய நகைச்சுவை நடிகர், அமெரிக்காவில் ஒரு கறுப்பர் ஹாம்லெட் நடிக்கும்போது பாதியில் அடிமைப் பாட்டுக்குத் தாவியதாக ஒரு கதை கட்டிப் பெயர் வாங்கியிருந்தார். அது ஆல்ட்ரிட்ஜ்தான் என்று ஊர் நம்பியது. அவர் அதை மறுத்தார். ஆனாலும் சனங்கள் கேட்டபோது அந்தப் பாட்டைப் பாடவும் செய்தார். வயிற்றுப்பாடு என்று சொல்லிவிடலாம். அது மட்டும் காரணமில்லை என்றே எனக்குப் படுகிறது. மங்கோவை மட்டும் ஆடியிருந்தால் அவர் இன்னொரு கோமாளிதான். ஒத்தெல்லோவுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் கண் காயுமுன் மங்கோவைப் பார்க்க நேர்ந்தது. இவ்வளவு கம்பீரமானவனைத்தான் இப்படி அடித்து வேலை வாங்குகிறார்களா என்ற உறுத்தலோடுதான் அவர்கள் சிரித்திருக்க முடியும். இரண்டும் ஒரே ஆளா என்று விமர்சகர்களே வியந்தார்கள்.

1833 மார்ச் 25 அன்று லண்டனின் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒத்தெல்லோவாக நடித்துக்கொண்டிருந்த எட்மண்ட் கீன் மேடையிலேயே சரிந்தார். அவர் அக்காலத்தின் தலைசிறந்த நடிகர். அவருக்குப் பதிலாக ஏப்ரல் 10இல் ஆல்ட்ரிட்ஜ் நின்றார். சனங்கள் கைதட்டினார்கள், பத்திரிகைகள் சீறின. வெள்ளைக்கார நடிகையை ஒரு கறுப்பர் மேடையில் தொடுவதா என்பதுதான் சில எழுத்தாளர்களுக்குப் பெரிய வேதனை. நகரில் விஷக்காய்ச்சல் வேறு பரவியிருந்தது. இரண்டே காட்சிகளோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

அதே ஆண்டுதான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கு அது பொருந்தாது என்ற விலக்கும் அதிலேயே இருந்தது. தஞ்சை வயல்களில் பண்ணையடிமைகளாகக் கிடந்த நம் முன்னோருக்கு 1843வரை அந்த அளவுச் சட்டம்கூட இல்லை.

லண்டன் ஒதுக்கியதால் ஆல்ட்ரிட்ஜ் சும்மா இருக்கவில்லை. கறுப்பருக்குரிய வேடங்கள் தீர்ந்தபோது வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு மூன்றாம் ரிச்சர்டாக, ஷைலாக்காக, மக்பெத்தாக, லியர் மன்னனாக நடித்தார். 1852இல் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். அவர் ஆங்கிலத்தில் பேச, உடன் நடித்தவர்கள் உள்ளூர் மொழியில் பதில் சொன்னார்கள். பிரஷ்யா மன்னர் தங்கப் பதக்கம் கொடுத்தார். ஒரு ஜெர்மன் அரசு வீரப்பட்டம் கொடுத்தது.

1858இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனபோது தாரஸ் ஷெவ்சென்கோவைச் சந்தித்தார். உக்ரைன் கவிஞரும் ஓவியருமான ஷெவ்சென்கோ பண்ணையடிமையாகப் பிறந்தவர். 1838இல் நண்பர்கள் 2,500 ரூபிள் கொடுத்துத்தான் அவரை எஜமானிடமிருந்து மீட்டார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நண்பர் வீட்டுப் பெண்பிள்ளைகள் நடுவே இருந்து மொழிபெயர்த்தார்கள். பிறந்த குலத்தால் அடிமையானவரும் நிறத்தால் ஒதுக்கப்பட்டவரும் பேசியது ஒரு குழந்தையின் வாய்வழியே. அப்போது ஷெவ்சென்கோ வரைந்த ஆல்ட்ரிட்ஜின் படம் இன்றும் மாஸ்கோவில் இருக்கிறது.

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த பிறகு அங்கே திரும்பிப்போய் நடிக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதற்குள் 1867 ஆகஸ்ட் 7 அன்று போலந்தின் வூச் நகரில், நாடகப் பயணத்தின் நடுவே இறந்தார். கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

அவருடைய மகள் அமண்டா லண்டனில் பாடகியாகவும் குரல் ஆசிரியையாகவும் வாழ்ந்தார். 1930இல் அங்கே ஒத்தெல்லோ நடிக்க வந்த பால் ராப்சன் அவரிடம் பாடம் கேட்டார். அதே ராப்சன் 1943இல் நியூயார்க்கின் பெரிய மேடையில் வெள்ளைக்கார நடிகர்களுடன் ஒத்தெல்லோவாக நின்றார். ஆல்ட்ரிட்ஜ் அந்த ஊரைவிட்டுக் கப்பலேறி அப்போது 119 ஆண்டுகள் ஆகியிருந்தன.