குதிரையில் வந்த நர்ஸ்கள்: மேரி பிரெக்கின்ரிட்ஜ் (1881–1965)

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெஸ்லி கவுண்டி என்றொரு மலைப் பகுதி இருக்கிறது. 1925-ல் அங்கே ரயிலும் இல்லை, கார் போகும் சாலையும் இல்லை. பல இடங்களில் ஓடைப் படுகைதான் பாதை. பிரசவ வலி வந்தால், அனுபவம் ஒன்றையே நம்பிப் பிரசவம் பார்க்கும் ஊர்ப் பாட்டிதான் வருவார். அந்த மலை வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்களைக் குதிரையில் அனுப்பி வைத்தவர் மேரி பிரெக்கின்ரிட்ஜ்.

மேரி செல்வாக்கான குடும்பத்தில் பிறந்தவர். தாத்தா அமெரிக்கத் துணை அதிபர், அப்பா ரஷ்யாவுக்கான தூதர். ஆனால் சொந்த வாழ்க்கையில் அடிமேல் அடி. திருமணமாகி இரண்டே ஆண்டுகளில், 1906-ல் கணவர் இறந்தார். நியூயார்க்கில் நர்சிங் படித்து 1910-ல் தேறினார். பிறகு மறுமணம் செய்துகொண்டார். 1916-ல் குறைமாதத்தில் பிறந்த மகள் சில மணி நேரமே உயிரோடு இருந்தாள். 1918-ல் மகனும் நான்கு வயதில் இறந்துபோனான். அந்தத் திருமணமும் முறிந்தது. மீதி வாழ்நாளை மற்றவர்களின் குழந்தைகளுக்குக் கொடுப்பது என்று அப்போது முடிவெடுத்தார்.

முதல் உலகப் போர் முடிந்ததும், சிதைந்து கிடந்த பிரான்ஸுக்குப் போய்த் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவும் வேலையில் சேர்ந்தார். குழந்தைகளுக்குப் பால் கிடைக்க ஆடுகள் வரவழைத்தார். பிரிட்டிஷ் நர்ஸ்கள் பிரசவமும் பார்ப்பதை அங்கேதான் கவனித்தார். அமெரிக்காவில் அன்று நர்ஸ் வேறு, மருத்துவச்சி வேறு. இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் மலைக்கிராமத்துக்குப் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றியது. 1923-ல் குதிரையில் கென்டக்கி மலைகளைச் சுற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர் மருத்துவச்சிகளைச் சந்தித்துப் பேசினார். பிறகு, நாற்பது வயதைத் தாண்டிய நிலையில், லண்டன் சென்று மருத்துவச்சிப் பயிற்சி முடித்தார்.

1925-ல் தன் சொந்தப் பணத்தையும் போட்டுத் தொடங்கிய அமைப்புதான் பின்னாளில் ‘ஃபிரான்டியர் நர்சிங் சர்வீஸ்’ என்று பெயர் பெற்றது. மலையில் ஆங்காங்கே சிறு நர்சிங் நிலையங்கள் அமைந்தன. 1928-ல் ஹைடன் என்ற ஊரில் மருத்துவமனையும் திறந்தது.

வேலை நடந்த விதம்தான் முக்கியம். பிரசவ நாளன்று மட்டும் ஓடுவதல்ல அவர்கள் பழக்கம். கர்ப்பம் என்று தெரிந்ததுமே நர்ஸ் வரத் தொடங்குவார். ரத்த அழுத்தம், சிறுநீர், கால் வீக்கம் எல்லாம் பார்ப்பார். சிக்கல் தெரிந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சேர்ப்பார். வலி கண்டதும் ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள சேணப் பைகளோடு, ஆற்றில் வெள்ளமானாலும் பனியானாலும் புறப்படுவார். குழந்தை பிறந்த பிறகும் வருகை நிற்காது. தாய்க்குக் காய்ச்சல் உண்டா, குழந்தை பால் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு தடுப்பூசியும் அவர் கையால்தான்.

இதற்கெல்லாம் கட்டணம் 5 டாலர். பணம் இல்லாதவர்கள் குதிரைத் தீவனமோ முட்டையோ கொடுத்தார்கள், அல்லது வேலி கட்டிக் கொடுத்தார்கள்.

முதல் 1000 பிரசவங்களின் கணக்கை ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனம் ஆராய்ந்தது. பிரசவம் நேரடிக் காரணமாக ஒரு தாய்கூட இறக்கவில்லை. இதய நோயாலும் சிறுநீரக நோயாலும் இருவர் மட்டுமே இறந்திருந்தார்கள். அன்றைய அமெரிக்காவில் 1000 பிரசவத்துக்கு ஆறு தாய்மார்களுக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள்.

கறுப்பினத்தவர் மீது அவர் காலத்து வெள்ளையர் பலரிடம் இருந்த பாகுபாடு மேரியிடமும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. 1931-ல் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தது. ஆனாலும் பணியை விடவில்லை. 1939-ல் உலகப் போர் வந்து பிரிட்டிஷ் நர்ஸ்கள் நாடு திரும்பத் தொடங்க, அங்கேயே பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார். அது இன்று ஒரு பல்கலைக்கழகம். 1965-ல் அந்த மலையிலேயே காலமானார்.

நமக்கு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி லிஃப்டில் ஏறி வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, அந்தத் தாயை யார் வந்து பார்க்கிறார்கள்? உங்கள் தளத்தில் பிள்ளை பெற்ற வீடு இருந்தால், ஒருமுறை விசாரித்துவிட்டு வாருங்கள். காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, தீராத அழுகை என்று ஏதாவது தெரிந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.