நாட்காட்டியில் நின்ற மயில்

நுழையும்முன்

சுவரில் தொங்கும் நாட்காட்டி நாளைக் காட்டுவதோடு நிற்பதில்லை. அது ஒரு வணிகரின் விளம்பரம்; எளியோர் இல்லத்தின் ஓவியக்கூடமும் அதுவே. அந்த ஓவியக்கூடத்தில் தெய்வங்களுக்கு இணையாக மயிலையும் பசுவையும் யானையையும் நிறுத்திய ஓவியர் சி. கொண்டையராஜு (1898 - 1976).

துறவும் தூரிகையும்

வேங்கிக்கால் வழியாகத் திருவண்ணாமலைக்குள் நுழைவோரை அண்ணாமலை எதிர்கொள்கிறது. சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்ற கொண்டையராஜுவை இளமையில் ஈர்த்ததும் அம்மலையே. பொருளீட்டும் வயதில் அவர் துறவை நாடி இரமண மகரிஷியிடம் சென்று சில காலம் தங்கினார். மலையில் வாழ்ந்த குரங்குகளையும் நாய்களையும் உயர்திணைச் சொற்களாலேயே சுட்டியவர் இரமணர். அச்சூழலில் வாழ்ந்தும் கொண்டையராஜுவால் தூரிகையைத் துறக்க இயலவில்லை. கற்ற கலை அவரை மீண்டும் மக்களிடையே அழைத்து வந்தது.

திரையிலிருந்து தாளுக்கு

ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழு ஒன்றில் அவர் காட்சித் திரைகள் வரைந்தார். கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் காடும் அரண்மனையும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே திரை ஓவியத்தின் இலக்கணம். 1942இல் அக்குழு கோவில்பட்டியில் கலைந்தது. வாழ்வாதாரம் இழந்த நிலையில் அவர் அவ்வூரிலேயே தங்கினார், டி. எஸ். சுப்பையா முதலிய மாணவர்களுடன் ஓவியக்கூடம் அமைத்தார்.

அருகிலிருந்த சிவகாசியில் அச்சுத்தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. எழுத்தறியாதவரும் பெயர் சொல்லி வாங்கும் வகையில், அங்குத் தயாரான தீப்பெட்டிகளும் பட்டாசுகளும் அணில், சேவல் போன்ற உயிரினங்களைத் தம் அடையாளமாகக் கொண்டிருந்தன. அவ்வச்சகங்கள் நாட்காட்டிகளுக்குத் தெய்வப் படங்களை வேண்டின. திரையில் பழகிய கை தாளுக்கு மாறியது.

விலங்குகளின் இடம்

மயில் முருகனையும், பசு கண்ணனையும், அன்னம் கலைமகளையும் எழுத்தின் துணையின்றி உணர்த்தின. நீர் சொரியும் யானைகள் வளத்தின் குறியீடாதலால், திருமகள் படத்தை வணிகர்கள் விரும்பினர். படத்தின்கீழ்க் கடையின் பெயர் அச்சாகும். அதன்கீழ் நாள்தாள் தொங்கும். இவ்வாறு ஒரே தாளில் வழிபாடும் வணிகமும் கலையும் ஒன்றாயின. இரவிவர்மா 1894இல் அச்சகம் நிறுவித் தொடங்கிய பயணம், கோவில்பட்டி வழியே தமிழ்நாட்டின் சிற்றூர்களை எட்டியது.

நிலைத்த பேறு

விளம்பரத்திற்காக வரையப்பட்டதாலேயே அப்படங்கள் நெடுங்காலம் உயர்கலையாக மதிக்கப்படவில்லை. பின்னாளில் ஸ்டீபன் இங்கிலிஸ் போன்ற ஆய்வாளர்கள் அவற்றை ஆராய்ந்து கொண்டையராஜுவின் இடத்தை உலகிற்கு உணர்த்தினர். மக்களோ அம்மதிப்பீட்டிற்காகக் காத்திருக்கவில்லை. ஆண்டு முடிந்ததும் நாள்தாளையும் கடைப்பெயரையும் வெட்டி நீக்கினர். படத்திற்குச் சட்டமிட்டு, பூச்சூட்டி, விளக்கேற்றினர். விளம்பரம் ஓராண்டில் முடிந்தது. மயில் சுவரிலேயே நின்றது. துறவு தேடிச் சென்றவர், வரைந்தவர் பெயரை அறியாத ஆயிரமாயிரம் வீடுகளில் தம் ஓவியத்தால் வாழ்கிறார்.