கற்பிட்டி மண்ணின் சைமன் காசிச்செட்டி

கற்பிட்டிக்குச் செல்வோர் ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக்கித் தந்த சைமன் காசிச்செட்டி பிறந்த ஊர் அது என்பதை அறிந்து வருபவர் சிலரே. எமது சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், எமது கரையின் இந்தப் பெரும் வாசகரை நினைவுகூர விரும்புகிறோம்.

அவர் 1807 மார்ச் 21ஆம் திகதி பிறந்தார். இலங்கையில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியதே 1921இல்தான். ஆகவே அவருடைய புலமை பட்டத்தால் வந்ததன்று, இடைவிடாத வாசிப்பால் வந்தது. தமிழோடு சிங்களம், ஆங்கிலம் முதலிய பல மொழிகளையும் கற்றார். இளவயதில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, புத்தளத்தின் மணியகாரராக உயர்ந்தார். 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்தார். பின்னர் சிவில் சேவையில் சேர்ந்து சிலாபத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றினார்.

பதவிகள் இவ்வளவு இருந்தும் இன்று அவரை வாழவைப்பவை அவருடைய நூல்களே. 1834இல், 27 வயதில், 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை வெளியிட்டார். இலங்கையின் ஊர்கள், ஆறுகள், மக்கள் பற்றிய விவரங்களை அகரவரிசையில் தரும் நூல் அது. அகரவரிசையில் தலைநகருக்கென்று தனி முதலிடம் கிடையாது. உப்புக்காற்று வீசும் சிற்றூரும் கொழும்பும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

எம்மைச் சிந்திக்க வைப்பது இந்த இடமே. பிற நாட்டாரின் பெருமைகளையே வாசித்துக்கொண்டிருப்பவருக்குத் தம் ஊரும் தம் வீட்டு மொழியும் அற்பமாகத் தோன்றத் தொடங்கும். ஆங்கிலம் அதிகாரத்தின் மொழியாயிருந்த காலத்தில், அதை நன்கு கற்ற காசிச்செட்டி அந்தத் தாழ்வுணர்வுக்கு இடம் கொடுக்கவில்லை. கிரேக்க, ரோமப் பெரியோரின் வாழ்க்கைகளை எழுதிய புளூட்டாக்கின் பெயரையே எடுத்து, 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலை யாழ்ப்பாணத்தில் அச்சேற்றினார். அதில் ஔவையாரும் இடம்பெறுகிறார். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை ஆராய்ந்து ஆசியக் கழகச் சஞ்சிகையில் கட்டுரையும் எழுதினார். தம் அயலவரின் இலக்கியத்தையும் தம்முடையதாகவே அவர் வாசித்தார்.

அந்நூல் வெளிவந்தபோது உ. வே. சாமிநாதையர் நான்கு வயதுக் குழந்தை. பழந்தமிழ் நூல்கள் பல இன்னும் ஏட்டுச்சுவடிகளாகவே கிடந்தன. ஆதலால் காலக்கணிப்பிலும் கர்ணபரம்பரைக் கதைகளிலும் பிழைகள் நேர்ந்தன, பின்வந்தோர் திருத்தினார்கள். ஆனாலும் நூல் மறையவில்லை. 1946இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு கொழும்பில் மறுபடியும் வெளிவந்தது. எல்லாம் தெரிந்த பின்தான் எழுதலாம் என்று அவர் காத்திருந்திருந்தால் எமக்கு எதுவும் கிடைத்திராது. நூல் வெளிவந்த அடுத்த ஆண்டு, 1860 நவம்பர் 5ஆம் திகதி, அவர் காலமானார்.

எமது சகோதரிகள் இன்று பல நாடுகளில் வாழ்கிறார்கள். வேலை, சமையல், பிள்ளைகள் என்று நாள் கழிகிறது. எத்தனை நூல் வாசித்தோம் என்று பிறரோடு ஒப்பிட்டு, தாம் பின்தங்கிவிட்டதாக மனம் சோர்வோரும் உண்டு. வாசிப்பு பரீட்சையல்ல. இரவில் இரண்டு பக்கம் போதும். பாதியில் மூடிவைத்தாலும் குற்றமில்லை. தனிமையில் ஒரு நல்ல நூல் துணையாக இருக்கும். மனப்பாரம் நாட்கணக்கில் நீங்காவிட்டால், நூலோடு நின்றுவிடாமல் வைத்தியரையும் நாட வேண்டும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

வாசித்ததோடு நில்லாமல் தம் ஊரை எழுதியவர் காசிச்செட்டி. இந்த நூற்றாண்டு ஆண்டில் நாமும் அதைச் செய்யலாம். நீங்கள் பிறந்த ஊர், அதன் தோணித்துறை, உப்பளம், கோயில், பள்ளிவாசல், உங்கள் பாட்டி சொன்ன கதை ஆகியவற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். பிழை இருந்தால் திருத்திக்கொள்வோம். வந்தவற்றை ஊர்ப்பெயரின் அகரவரிசையில் தொகுத்து எமது பாடசாலை நூலகத்தில் வைப்போம்.