பேர்ல் கெண்ட்ரிக் (1890 - 1980)

தமிழகத்தில் கக்குவான் இருமல்; ஈழத்தில் குக்கல். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகளை இது கொன்றது. இல்லினாய் மாநிலத்தில் பிறந்த பேர்ல் கெண்ட்ரிக்கும் குழந்தையில் இந்நோய் கண்டு பிழைத்தவர்தான்.

பள்ளி ஆசிரியையாக இருந்து நுண்ணுயிரியலுக்கு வந்தவர், மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் மாநில ஆய்வுக்கூடத்துக்குத் தலைவியானார். 1932-இல், பகல் வேலை முடிந்த பிறகு, தோழி கிரேஸ் எல்டரிங்குடன் வீடு வீடாகப் போகத் தொடங்கினார். பொருளாதார மந்த காலம்; பல வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான். இருமும் குழந்தையின் வாய்க்கு நேரே ஊட்டப்பொருள் பூசிய தட்டைப் பிடிப்பார்கள். அதில் கிருமி வளர்ந்தால் நோய் உறுதி. வாரந்தோறும் பிடித்துப் பார்த்ததில், குழந்தையை எத்தனை நாள் தனிமைப்படுத்த வேண்டும் என்பதும் தெரிந்தது.

தடுப்பூசிகள் முன்பும் இருந்தன. பெரும்பாலானவை ஒழுங்காகச் சோதிக்கப்படாதவை. 1934-இல் கெண்ட்ரிக் தொடங்கிய சோதனையில் ஊசி போடாத குழந்தைகளையும் ஒப்பீட்டுக்காகத் தொடர்ந்து கவனித்தார். ஊசி போட்டவர்களிடம் நோய் மிகக் குறைவு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்ட் சந்தேகத்தோடுதான் வந்து பார்த்தார். அவர் சொன்ன திருத்தங்களை ஏற்றுச் சோதனையை விரிவாக்கினார் கெண்ட்ரிக். (இந்தக் குணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.) பணமுடை வந்தபோது எலினோர் ரூஸ்வெல்ட்டை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார், உதவி கிடைத்தது.

1940 வாக்கில் மிச்சிகன் முழுவதும் ஊசி போனது. தொண்டை அடைப்பான், ஏற்புவலி ஊசிகளோடு இதைச் சேர்த்து முத்தடுப்பு ஊசியாக்கும் வேலையிலும் இருவரும் இறங்கினார்கள்.