குருதி காத்த பெருமகன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மனித உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி ஓடுகிறது. விபத்தில் அடிபட்ட ஒருவர் அதில் 2 லிட்டரை இழந்துவிட்டால், அவருக்கும் எமனுக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. முறிந்த எலும்பைப் பிறகு கட்டலாம். கிழிந்த தோலைப் பிறகு தைக்கலாம். இழந்த குருதியை மட்டும் உடனே ஈடுசெய்தாக வேண்டும். இன்று பெரிய அரசு மருத்துவமனைகளில் இரத்த வங்கி என்ற பலகையைக் காண்கிறோம். உள்ளே குளிர்பெட்டியில் வகைவகையாகக் குருதிப் பைகள் காத்திருக்கின்றன. முகம் தெரியாத ஒருவர் என்றோ கொடுத்த குருதி, முகம் தெரியாத இன்னொருவரின் உயிரை இன்று காக்கிறது. இந்த ஏற்பாடு தானாக வந்ததன்று. இதற்காக உழைத்த அறிஞர் பலர். அவர்களுள் ஒருவர் டாக்டர் சார்லஸ் ட்ரூ. ஆனால் குருதியைக் காத்தது அவர் செய்த பணிகளில் பாதிதான். மறுபாதி அதனினும் பெரிது. அப்பெருமகனின் வரலாற்றை இங்குக் காண்போம்.

இளமையும் கல்வியும்

1904ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் தலைமகனாகப் பிறந்தார் ட்ரூ. தந்தை ரிச்சர்டு தரைவிரிப்பு பொருத்தும் தொழிலாளி. தாய் நோரா ஆசிரியப் பயிற்சி பெற்றவர். உடன்பிறந்தோர் நால்வர். ஒரு நாட்டின் தலைநகரமாக இருந்தும், அங்கே வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பர் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி என்பதே அன்றைய வழக்கம். கறுப்பருக்கென இருந்தவற்றுள் புகழ்பெற்ற டன்பார் உயர்நிலைப் பள்ளியில் ட்ரூ படித்தார். படிப்பைவிட விளையாட்டில்தான் அவர் பெயர் முதலில் ஒலித்தது. விளையாட்டு வீரருக்கான உதவித்தொகையைப் பெற்று 1922இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார்.

அவருடைய மனம் மருத்துவத்தின்பால் திரும்பியதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் காரணமாகச் சொல்வர். ஒன்று, 1920இல் அவருடைய தங்கை காசநோயாலும் விஷக்காய்ச்சலாலும் இறந்தது. மற்றொன்று, கல்லூரியில் கால்பந்தாட்டத்தில் காயமுற்று மருத்துவமனையில் படுத்திருந்தது.

1926இல் பட்டம் பெற்றார். மருத்துவம் படிக்க ஆசை இருந்தது. கையில் பணம் இல்லை. ஆகவே பால்டிமோர் நகரின் மார்கன் கல்லூரியில் உயிரியலும் வேதியியலும் கற்பித்துக்கொண்டு, விளையாட்டுப் பயிற்சியும் அளித்து, இரண்டாண்டுகள் பணம் சேர்த்தார். வாஷிங்டனில் கறுப்பின மக்களுக்காக இயங்கிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, ஆங்கிலப் பாடம் போதிய அளவு படிக்கவில்லை என்று இடம் மறுக்கப்பட்டது. ட்ரூ சோர்ந்துவிடவில்லை. 1928இல் எல்லை கடந்து கனடா நாட்டின் மக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1933இல் தேறியபோது 137 மாணவர்களுள் இரண்டாம் இடம் அவருக்கு!

மக்கிலில் ஜான் பீட்டி என்னும் ஆசிரியர், அடிபட்டோருக்கு ஏற்படும் அதிர்ச்சி நிலையைப் பற்றி ஆராய்ந்து வந்தார். மருத்துவத்தில் அதிர்ச்சி என்பது பயத்தையோ துயரத்தையோ குறிப்பதன்று. குருதி குறைவதால் இரத்த அழுத்தம் வீழ்ந்து, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் உயிர்வளி கிட்டாமல் உடல் ஒடுங்கும் நிலை அது. இந்தச் சிக்கலே ட்ரூவின் வாழ்நாள் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

குருதியைச் சேமிக்கும் கலை

1935இல் தாயகம் திரும்பிய ட்ரூ, முன்னர் இடம் மறுத்த ஹோவர்டிலேயே ஆசிரியரானார். 1938இல் ராக்பெல்லர் உதவித்தொகை பெற்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். வெள்ளை நோயாளிகளைக் கறுப்பின மருத்துவர் தொடுவதைப் பலர் ஏற்காத காலம் அது. ஆகவே தொடக்கத்தில் நோயாளிகளிடம் அனுப்பாமல், ஜான் ஸ்கட்டர் என்பவரின் கீழ்க் குருதி ஆராய்ச்சியில் அவரை அமர்த்தினர். அடைக்கப்பட்ட கதவே அவருக்கு வேறொரு வழியைத் திறந்துவிட்டது.

குருதி வகைகளை லாண்ட்ஸ்டெய்னர் 1901ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். சிட்ரேட் உப்பைச் சேர்த்தால் குருதி உறையாது என்பதும் முதல் உலகப் போர்க் காலத்திலேயே தெரிந்ததுதான். அமெரிக்காவில் இரத்த வங்கி என்ற பெயரோடு முதல் வங்கியை 1937இல் சிகாகோவில் தொடங்கியவர் பெர்னார்டு பாண்டஸ். எனவே இரத்த வங்கியைக் கண்டுபிடித்தவர் ட்ரூ என்று சிலர் எழுதுவது பொருந்தாது. அவர் செய்தது வேறு. சேமித்த குருதி ஏன் கெடுகிறது, எத்தனை நாள் தாங்கும், எந்த வடிவக் கலம் ஏற்றது, எந்த வெப்பநிலை ஏற்றது என்று ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தார். நாளாக ஆகச் சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிவதை ஆராய்ந்தார். 1939இல் பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் ஒரு வங்கியை நடத்திக் காட்டினார். இவற்றையெல்லாம் தொகுத்து அவர் எழுதிய ஆய்வேட்டுக்கு 1940இல் மருத்துவ அறிவியல் முனைவர் பட்டம் கிடைத்தது. கொலம்பியாவில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ட்ரூவே ஆவார்.

போர்க்களத்துக்குச் சென்ற பிளாஸ்மா

அதே 1940இல் இங்கிலாந்து நகரங்கள் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டுமழை பொழிந்தன. காயமுற்றோருக்குக் குருதி வேண்டும். முழுக் குருதியைக் கப்பலேற்றிக் கடல் கடத்தினால் கெட்டுவிடும். ஆனால் அணுக்களை நீக்கிய பிளாஸ்மா நெடுநாள் தாங்கும். குழாய்களை நிரப்பி, வீழ்ந்த இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும். உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் அதற்கு இல்லையெனினும், அறுவைக் கூடம் சேரும்வரை உயிரைப் பிடித்து வைக்கும்.

பிரிட்டனுக்குக் குருதி என்ற திட்டத்தின் மருத்துவ இயக்குநர் பொறுப்பு 36 வயது ட்ரூவிடம் வந்தது. பல மருத்துவமனைகள் பலவிதமாகச் செய்து வந்த வேலையை ஒரே முறைக்குள் கொண்டுவந்தார். ஒவ்வொரு தொகுதியிலும் நுண்ணுயிர் கலந்திருக்கிறதா என்று சோதிக்கச் செய்தார். 1941 ஜனவரியில் திட்டம் முடிவதற்குள் 14,500 பேருக்கு மேல் குருதி வழங்கினர். 5,000 லிட்டருக்கு மேல் பிளாஸ்மாக் கரைசல் இங்கிலாந்து சென்றது. தொடர்ந்து 1941 பிப்ரவரியில், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னோடி வங்கிக்கு இயக்குநரானார்.

இங்கேதான் வரலாறு தலைகுனிய வேண்டிய செய்தி ஒன்று வருகிறது. அமெரிக்கப் படைகளுக்காகக் குருதி திரட்டியபோது, கறுப்பினத்தாரின் குருதி வேண்டாம் என்று படைத்துறை கூறியது. திட்டத்தை உருவாக்கியவரே அதற்குக் குருதி கொடுக்கத் தகுதியற்றவர் ஆனார்! 1942 ஜனவரியில், வாங்கிக்கொள்ளலாம், ஆனால் தனியே முத்திரையிட்டுத் தனியே வைக்க வேண்டும் என்று விதி மாறியது. இனத்தால் குருதி வேறுபடும் என்பதற்கு அறிவியலில் ஆதாரமே இல்லை என்று ட்ரூ வெளிப்படையாகக் கண்டித்தார். 1950இல்தான் செஞ்சிலுவைச் சங்கம் இவ்வழக்கத்தைக் கைவிட்டது.

ஆசிரியர் ட்ரூ

இந்த அவமதிப்பால் ட்ரூ பதவியைத் துறந்தார் என்று ஒரு கதை உண்டு. உண்மை அதனினும் சிறந்தது. ஹோவர்டுக்குத் திரும்பிக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் முன்னரே எடுத்த முடிவு. புகழின் உச்சியில் நின்றபோது, 1941 ஏப்ரலில், ஆசிரியப் பணிக்குத் திரும்பினார். அவ்வாண்டிலேயே அறுவை மருத்துவத் துறைத் தலைவரானார்.

ஏன் திரும்பினார்? கறுப்பின இளைஞர் மருத்துவப் பட்டம் பெற்றாலும், அறுவை மருத்துவத்தில் உயர்பயிற்சி தரப் பெரிய மருத்துவமனைகள் முன்வரவில்லை. பயிற்சி இல்லாததால் தேர்ச்சி இல்லை. தேர்ச்சி இல்லாததால் தகுதியற்றவர் என்ற பழி. இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, எவரும் குறைகூற முடியாத அறுவை மருத்துவர்களை உருவாக்குவதே என்று அவர் கருதினார். ஹோவர்டைச் சார்ந்த பிரீட்மென்ஸ் மருத்துவமனையே அவருடைய பட்டறை ஆயிற்று. பகலில் அறுவை, மாலையில் பாடம், தம் மாணவருக்குப் பிற நகரங்களில் இடம் கேட்டு ஓயாத கடிதங்கள். 1941இல் அமெரிக்க அறுவை மருத்துவ வாரியத்தின் தேர்வாளராகவும் நியமிக்கப்பட்டார். 1941 முதல் 1950 வரை அவ்வாரியத்தின் சான்று பெற்ற கறுப்பின மருத்துவருள் பாதிக்கு மேற்பட்டோர் அவருடைய மாணவர்கள்! அதே வேளையில், கறுப்பர் என்ற காரணத்தால், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைநகர்க் கிளை அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. 1947இல் அதனைக் கண்டித்து எழுதினார். அச்சங்கம் தன் கடந்தகால இனப்பாகுபாட்டுக்காக 2008இல் மன்னிப்புக் கோரியது.

மறைவும் பொய்க்கதையும்

1950 ஏப்ரல் 1. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் ஆண்டுதோறும் நடக்கும் இலவச மருத்துவ முகாமுக்காக மூன்று மருத்துவருடன் இரவெல்லாம் காரில் பயணம். முன்னிரவும் அறுவைப் பணி செய்த ட்ரூவே விடியற்காலையில் காரை ஓட்டினார். வட கரோலினா மாநிலத்தில் பர்லிங்டன் நகருக்கு அருகே கண் அயர்ந்தார், கார் உருண்டது. அருகிலிருந்த மருத்துவமனையில் வெள்ளை மருத்துவர்கள் உடனே சிகிச்சை தொடங்கினர். காயம் மிகக் கடுமையானது. 45 வயதில் அவர் உயிர் பிரிந்தது. உடன் சென்ற மூவரும் பிழைத்தனர்.

ஆனால் கறுப்பர் என்பதால் குருதி மறுக்கப்பட்டு அவர் இறந்தார் என்ற கதை நாடெங்கும் பரவிற்று; இன்றும் பலர் நம்புகின்றனர். உடன் சென்ற மருத்துவரே இதனை மறுத்திருக்கிறார். பின் இக்கதை எப்படி வேரூன்றியது? அதே 1950ஆம் ஆண்டு டிசம்பரில், அதே வட்டாரத்தில் சாலை விபத்தில் அடிபட்ட ஒரு கறுப்பின மாணவர், கறுப்பருக்கான படுக்கை இல்லை என்று ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு மாண்டார். ட்ரூவின் கதையில் பொய்யானது, இன்னொருவருக்கு மெய்யாகவே நடந்தது. பெயர் தெரியாத பலரின் துயரத்தை மக்கள் பெயர் தெரிந்த ஒருவர் மேல் ஏற்றிச் சொன்னார்கள். ஆயினும் அறிவியல் மாணவர் மெய்யைப் பொய்யிலிருந்து பிரித்தே ஆகவேண்டும். பொய்யின் துணை நீதிக்குத் தேவையில்லை. நடந்த கொடுமைகளே போதும்.

நாம் கொள்ள வேண்டியது

இரத்த வங்கியில் பையின் மேல் வகை எழுதப்படுகிறது, நாள் எழுதப்படுகிறது, சாதி எழுதப்படுவதில்லை. உயிர் ஊசலாடும் நேரத்தில் அதை எவரும் கேட்பதுமில்லை. மருத்துவமனையில் கேட்காத கேள்வியை ஊர்த்தெருவில் மட்டும் ஏன் கேட்கிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. தங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நம்மில் பலர். படித்து முன்னேறி எங்கோ போய்விட வேண்டும் என்பதே நம் கனவாக இருக்கிறது. அது தவறன்று. ஆனால் ட்ரூ உயரத்தை எட்டியபின் கீழே நின்றவர்களுக்காகத் திரும்பி வந்தார். அவர் சேமித்த பிளாஸ்மா போரோடு தீர்ந்தது. அவர் பயிற்றுவித்த மாணவரோ தம் மாணவரைப் பயிற்றுவித்தனர். அந்தக் கொடை இன்னும் தீரவில்லை. குருதியை ஒருவர் குறிப்பிட்ட அளவே கொடுக்க முடியும். கல்விக்கு அந்த அளவு இல்லை. இரண்டையும் கொடுப்போம்!